பைபாஸுக்குப் பிறகும் சிகரெட் குடிக்கலாமா? வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய அறுவை சிகிச்சை வார்டில் பிசியோதெரபி செய்கிறவர்களிடம் நோயாளிகள் மனம்விட்டுப் பேசுவார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது வாயைத் திறக்காதவர், மூச்சுப்பயிற்சிக்கு உட்கார வைத்ததும் "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?" என்று ஆரம்பிப்பார். பாதி நேரம் அது சிகரெட் பற்றிய கேள்வியாக இருக்கும். அவர்கள் கேட்பதையும், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மனைவி, மகன், மகள் கேட்பதையும் இங்கே எழுதியிருக்கிறேன். மாத்திரை மருந்து விஷயத்தில் மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

அடைப்பை எல்லாம் சரிசெய்துவிட்டார்களே. இனி குடித்தால் என்ன?

அடைப்பை யாரும் எடுக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டி ரத்தம் போக வேறு குழாய் வைத்துத் தைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அடைப்பை உண்டாக்கிய நோய் உடம்பை விட்டுப் போகவில்லை. பழைய குழாய்களிலும் அது தொடரும், புதிதாக வைத்த குழாயிலும் வரும்.

புதுக் குழாய்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் இது இன்னும் புரியும். ஒன்று, நெஞ்சுச் சுவரின் உட்பக்கம் ஓடும் தமனி. இது மிக உறுதியானது. பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் திறந்தே இருக்கும். மற்றது காலிலிருந்து எடுப்பது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு, மூன்று இடத்தில் இதைத்தான் வைக்கிறார்கள். காலில் குறைந்த அழுத்தத்தில் ரத்தத்தை மேலே கொண்டுபோகவே ஆன குழாய் அது. அதைக் கொண்டுவந்து இதயத்தின் முழு அழுத்தத்திற்குக் கீழே வைத்ததும் அதன் சுவர் தடிக்க ஆரம்பிக்கிறது. முதல் மாதத்தில் ரத்தம் உறைந்து அடைக்கலாம். முதல் வருடத்தில் உட்சுவர் தடித்துக் குறுகலாம். அதற்குப் பிறகு கொழுப்பு படியும். புகைபிடிக்காதவருக்கும் இந்த ஆபத்து உண்டு. பத்து வருடத்தில், காலிலிருந்து எடுத்து வைத்த குழாய்களில் ஏறக்குறைய பாதி அடைந்துவிடுகின்றன. புகை இந்த மூன்று கட்டத்தையும் வேகப்படுத்துகிறது: ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒட்டும் தன்மை கொண்டவையாக ஆக்குகிறது, உட்சுவரைப் புண்ணாக்குகிறது, நல்ல கொழுப்பைக் குறைக்கிறது.

முன்கையிலிருந்து தமனி எடுத்து வைத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது சட்டென்று இறுகிச் சுருங்கும் குணம் உள்ளது. நிக்கோடின் செய்வதும் அதையேதான்.

சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் 1975-ல் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். அரை நூற்றாண்டில் தையலும் மயக்க மருந்தும் இயந்திரங்களும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. தைத்த குழாயைப் புகையிலிருந்து காப்பாற்றும் வழி மட்டும் எந்த அறுவை அரங்கிலும் இல்லை.

முன்பு ஒரு பாக்கெட். இப்போது ஒன்றோ இரண்டோதான். பரவாயில்லையா?

இருபதை ஒன்றாகக் குறைத்தால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயில் அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். இதயத்தில் ஒத்துவராது. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வுத் தொகுப்பு, தினம் ஒரே ஒரு சிகரெட் குடிப்பவருக்கும், இருபது குடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி வருகிறது என்று காட்டியது.

காரணம், ரத்தக்குழாயின் உட்சுவரும் தட்டணுக்களும் கொஞ்சம் புகைக்கே முழுசாகக் கிளர்ந்துவிடுகின்றன. இதயத் துடிப்பு ஏறும், பிரஷர் ஏறும். இதயத்திற்கு அதிக ஆக்சிஜன் தேவைப்படும் அதே நேரத்தில் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக அது சிவப்பணுக்களோடு ஒட்டும். பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவில் ஒன்று என்றால் அது ரத்தத்தை விட்டு முழுதாகப் போக நேரமே கிடைக்காது.

குறைப்பது விடுவதற்கான படி என்றால் நல்லது. "இத்தோடு போதும்" என்று அங்கேயே நின்றால் இதயத்திற்குப் பெரிய லாபம் இல்லை.

நெஞ்செலும்பு கூடும்வரையாவது விடச் சொல்கிறார்களே, எதற்கு?

நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். கம்பி பிடித்துக்கொண்டுதான் இருக்கும். எலும்புதான் கூட வேண்டும். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம், முழு பலம் வர மூன்று மாதம் வரை ஆகும். எலும்பு கூடுவதற்கு ரத்த ஓட்டம் வேண்டும். நிக்கோடின் சின்னக் குழாய்களைச் சுருக்கி அதையே தடுக்கிறது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை இருமல். புகைபிடிப்பவருக்குச் சளி அதிகம். ஒரு பலத்த இருமலில் நெஞ்சு எப்படி விரிகிறது என்று கையை வைத்துப் பார்த்தால் தெரியும். அதனால்தான் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்கிறோம். அணைத்தும் இருமல் ஓயாவிட்டால் கம்பி எலும்பை அறுத்துத் தளர்ந்துவிடும். திரும்பிப் படுக்கும்போது நெஞ்சில் 'டக்' என்று எலும்பு அசையும் உணர்வு, தையலில் ஈரம், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் போங்கள். தொற்று எலும்புக்குக் கீழே இறங்கிவிட்டால் மறுபடி திறந்து கழுவ வேண்டி வரும். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. சர்க்கரை நோயும் புகையும் சேர்ந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். குழாய் எடுத்த இடத்தில் கால் புண் ஆறாமல் நாட்கணக்கில் நீர் வடிவதும் இவர்களிடம்தான் நிறையப் பார்க்கிறோம்.

மூன்று பந்து உள்ள அந்த மூச்சுப்பயிற்சிக் கருவியை வீட்டிலும் செய்யுங்கள். மூன்றாவது பந்தை எழுப்பவே முடியவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள், புகையை விட்ட சில வாரங்களில் வித்தியாசத்தைத் தாங்களே பார்க்கலாம்.

முப்பது வருடம் குடித்தாகிவிட்டது. இப்போது விட்டு என்ன வந்துவிடப் போகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் எனக்கு உற்சாகம் அதிகம், ஏனென்றால் பதில் அவ்வளவு நல்லது.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1970-களில் பைபாஸ் செய்துகொண்டவர்களை இருபது வருடம் தொடர்ந்து கவனித்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் புகைபிடித்தவர்கள் இறக்கும் ஆபத்து, விட்டவர்களைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு. மறுபடி பைபாஸோ பலூன் சிகிச்சையோ தேவைப்பட்டதும் அவர்களுக்குத்தான் அதிகம். இன்னும் ஒன்று கவனியுங்கள். விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் உள்ள இடைவெளி முதல் ஐந்து வருடத்தில் சின்னதாக இருந்து, பத்து, பதினைந்து வருடத்தில் பெரிதாகிக்கொண்டே போனது. "நான் குடிச்சுக்கிட்டுதான் இருக்கேன், ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதய நோயாளிகளைப் பற்றிய 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2003-ல் வெளியான இன்னொரு கட்டுரையில், புகையை விட்டவர்களுக்கு இறப்பு ஆபத்து 36 சதவீதம் குறைந்திருந்தது. கொலஸ்ட்ரால் மாத்திரை, ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் அதன் பலனுக்கு இது குறைந்ததில்லை. கூடவே காசும் மிச்சம்.

மாத்திரை எல்லாம் தவறாமல் போடுகிறேன், ரிப்போர்ட்டும் நார்மல். அப்புறம் என்ன?

மாத்திரைகள் ஒரு பக்கம் இழுக்க, சிகரெட் மறுபக்கம் இழுக்கும். தட்டணுக்கள் ஒட்டாமலிருக்க ஆஸ்பிரின் போடுகிறீர்கள், அவற்றை ஒட்ட வைக்கும் புகையை உள்ளே இழுக்கிறீர்கள். ஈசிஜி, எக்கோ நார்மல் என்றால் இதயத் தசை இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தைத்த குழாயின் உட்சுவர் எப்படி இருக்கிறது என்பது அதில் தெரியாது.

பீடி இலைதானே, அது அவ்வளவு கெடுதல் இல்லையே? ஃபில்டர், மைல்டு?

பீடியைச் சுற்றியிருக்கும் இலை காகிதம் போலக் காற்றை உள்ளே விடாது. அடிக்கடி அணைந்தும் போகும். அதனால் பலமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் பீடி குடிப்பவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து குடிக்காதவர்களைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. சிகரெட்டுக்கும் அதே அளவுதான். மைல்டு சிகரெட்டில் நிக்கோடின் குறைவாகக் கிடைத்தால் உடம்பு இன்னும் ஆழமாக இழுக்கச் சொல்லும். ஃபில்டர் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது.

புகையை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடலாமா? ஹான்ஸ், குட்கா?

வேண்டாம். அதே ஆய்வில் மெல்லும் புகையிலைக்கும் மாரடைப்பு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். வாய்ப் புற்றுநோய் தனி. வெறும் வெற்றிலை, சுண்ணாம்பு என்று தொடங்குகிறவர்கள்கூட ஒரு மாதத்தில் புகையிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பழக்கத்தின் கை அசைவு அப்படி. இ-சிகரெட்டைக் கேட்கும் இளைஞர்களுக்கு: 2019-லிருந்து இந்தியாவில் அதன் விற்பனை சட்டப்படி தடை. கள்ளத்தனமாகக் கிடைப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

எனக்கு பைபாஸ் இல்லை, ஸ்டென்ட்தான். அண்ணனுக்கு வால்வு மாற்றினார்கள். எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் இருக்கும் உலோக வலை. அதில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் இரண்டு மாத்திரை தருகிறார்கள். புகை அந்த உறைதலைத் தூண்டுகிறது. ஆகவே பொருந்தும்.

வால்வு மாற்றியவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். உலோக வால்வுக்காக வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை போடுகிறவர்கள் புகையை நிறுத்தினால் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் கொஞ்சம் ஏறலாம். கல்லீரல் அந்த மாத்திரையைக் கரைக்கும் வேகத்தைப் புகை கூட்டி வைத்திருந்தது. நிறுத்தியதும் அது குறையும். பயந்து மறுபடி குடிக்கத் தேவையில்லை. விட்டிருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லி, ஒன்றிரண்டு வாரத்தில் ஐஎன்ஆர் பார்த்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஆசையே வரவில்லை. வீட்டுக்கு வந்த வாரத்திலேயே கை போய்விட்டதே?

இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. வார்டில் டீக்கடை இல்லை, நண்பர் இல்லை, மயக்க மருந்தும் வலியும் வேறு. வீட்டுக்கு வந்தால் பழைய நாள் அப்படியே காத்திருக்கும். நான் கேட்டவரையில் கை போகும் இடங்கள் இவை: காலைக் காபி முடிந்ததும், சாப்பிட்டதும், டாய்லெட் போவதற்கு முன், ராத்திரி மொட்டை மாடியில், சாவு வீட்டில்.

இவற்றைவிட யாரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு, வாக்கிங். தினமும் நடக்க வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லி அனுப்புகிறோம். வீட்டிலும் சந்தோஷமாக அனுப்புவார்கள். அந்த வழியில்தான் பெட்டிக்கடை. தூணில் கயிறு கனிந்துகொண்டிருக்கும், லூஸில் ஒன்று வாங்கிப் பற்றவைக்க ஒரு நிமிஷம் போதும். திரும்பும்போது வாயில் ஏலக்காய். இரண்டு மாதம் இப்படி ஓடிய பிறகு நெஞ்சு வலியோடு வருபவர்கள் இருக்கிறார்கள். அதனால் வாக்கிங் போகும் வழியை மாற்றுங்கள். பூங்கா, கோயில் பிரகாரம், மைதானம், எதுவானாலும் கடை இல்லாத பக்கம். முதல் ஒரு மாதம் பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

டாய்லெட் பிரச்சினையை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். "ஒரு தம் அடிச்சாதான் வரும்" என்பது பொய் இல்லை. நிக்கோடின் குடலை அசைக்கிறது. விட்டதும் மலச்சிக்கல் வரும், முக்கினால் நெஞ்சுத் தையலுக்கும் சிரமம். காலையில் வெந்நீர், இரவில் கொய்யா அல்லது வாழைப்பழம், கீரை. போதாவிட்டால் டாக்டரிடம் கேட்டு மலமிளக்கி. இரண்டு, மூன்று வாரத்தில் குடல் பழகிவிடும்.

விட்டதும் எரிச்சல், தூக்கமின்மை, இருமல்கூட அதிகம். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லையோ?

ஒத்துக்கொள்கிறது. நிக்கோடின் இல்லாத தவிப்பு முதல் இரண்டு, மூன்று நாள் உச்சத்தில் இருக்கும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும். ஒவ்வொரு ஆசை அலையும் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தைத் தள்ளிவிட ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடிப்பது, யாருக்காவது போன் போடுவது, பந்துக் கருவியை எடுத்து ஊதாமல் பத்து முறை இழுப்பது, எதுவும் உதவும்.

இருமல் கூடுவது, புகையில் முடங்கிக் கிடந்த நுண்ணிய மயிரிழைகள் மூச்சுக்குழாயில் மறுபடி வேலை செய்து சளியைத் தள்ளுவதால். அப்போதும் தலையணையை விடாதீர்கள்.

காபி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புகைபிடிப்பவர் உடம்பில் காபியின் வீரியம் சீக்கிரம் கரைந்துவிடும். விட்ட பிறகு அதே நாலு டம்ளர் காபி நெடுநேரம் உள்ளே நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை என்று வருவதில் பாதி இதுதான். காபியைப் பாதியாகக் குறையுங்கள், சாயங்காலத்துக்குப் பின் வேண்டாம்.

எடை நான்கைந்து கிலோ ஏறலாம். அதற்காக மறுபடி குடிப்பது சரியில்லை. எடையால் வரும் பாதிப்பு புகையால் வருவதோடு ஒப்பிட்டால் சின்னது, குறைக்கவும் முடியும்.

நிக்கோடின் சூயிங் கம்மும் நிக்கோடின்தானே? இதய நோயாளிக்கு ஆபத்து இல்லையா?

இந்தப் பயத்தினால் எத்தனையோ பேர் கம்மை ஒதுக்கிவிட்டு சிகரெட்டுக்குத் திரும்புகிறார்கள். கம்மிலும் தோலில் ஒட்டும் பட்டையிலும் வருவது நிக்கோடின் மட்டும், அதுவும் மெதுவாக. கார்பன் மோனாக்சைடு இல்லை, தார் இல்லை. 1996-ல் அமெரிக்காவில் இதய நோயாளிகள் சுமார் 580 பேரிடம் நடந்த சோதனையில், நிக்கோடின் பட்டை ஒட்டியவர்களுக்கு மாரடைப்பு போன்றவை அதிகமாகவில்லை. அறுவை சிகிச்சை முடிந்த உடனே என்றால் மட்டும் டாக்டர் சொல்லும் நாளிலிருந்து தொடங்குங்கள்.

கம்மைச் சாதாரண சூயிங் கம் போலச் சவைத்தால் விக்கல், நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெதுவாக நாலைந்து தரம் கடித்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி. இப்படி அரை மணி நேரம். முந்தைய கால் மணி நேரத்தில் காபி, ஜூஸ் குடித்திருந்தால் நிக்கோடின் சரியாக உள்ளே போகாது. சிகரெட் ஆசையைக் குறைக்க வேரினிக்லின் என்ற மாத்திரையும் இருக்கிறது. டாக்டர் சீட்டில்தான் வாங்க வேண்டும்.

அப்பா திருட்டுத்தனமாகக் குடிக்கிறார். என்ன செய்வது?

சட்டைப் பையைத் துழாவுவது, வாயை முகர்ந்து பார்ப்பது, பேரப்பிள்ளை முன்னால் கத்துவது இவற்றால் ஒளிந்து குடிப்பதுதான் கூடும். ஒளிந்து குடிப்பவர் டாக்டரிடமும் மறைப்பார். அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, "அப்பா, எந்த நேரத்துல ரொம்பத் தோணுது?" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் கூட இருங்கள். ஒரு வாரம் விட்டால் வாய்விட்டுப் பாராட்டுங்கள்.

வீட்டில் மகனோ மருமகனோ புகைபிடித்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும். அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிப்பவருக்கும் இதய நோய் ஆபத்து 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது. அப்பாவை விடச் சொல்லிவிட்டு மாடியில் போய்ப் பற்றவைப்பது நியாயமும் இல்லை.

தாம்பத்தியத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆண்மைக்குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் அதே ரத்தக்குழாய்ப் பிரச்சினைதான், புகை அதை மோசமாக்குகிறது. கூச்சப்பட்டு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். நாக்கின் கீழ் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையோடு அது சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

மூன்று மாதம் விட்டிருந்தேன். ஒரு கல்யாணத்தில் ஒன்று குடித்துவிட்டேன். எல்லாம் போயிற்றா?

போகவில்லை. மூன்று மாதம் எலும்பு கூடியதும் புண் ஆறியதும் உங்கள் உடம்பில்தான் இருக்கிறது. ஆபத்து அடுத்த நாளில். "கெட்டுப்போச்சு, இனி என்ன" என்று பாக்கெட் வாங்குவதில்தான் பலரும் முழுசாகத் திரும்புகிறார்கள். மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்ற பயத்தில் "விட்டாச்சு டாக்டர்" என்று சொன்னால், கிடைத்திருக்கக்கூடிய கம், மாத்திரை, ஆலோசனை எதுவும் கிடைக்காமல் போகும். விட்டவர்களில் பலரும் இரண்டு, மூன்று முறை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள். மதுவோடு சேர்ந்துதான் கை போகிறது என்றால் அந்தப் பந்தியில் உட்காராமல் இருப்பதே வழி.

உதவிக்கு யாரைக் கேட்பது?

சிகரெட் பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்தோடு 2018-லிருந்து 1800-11-2356 என்ற எண் அச்சாகிறது. அது புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி ஆலோசனை. சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலையை விடுவதற்கான ஆலோசனை மையம் இருக்கிறது. உங்களுக்கு அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள்.

குடித்துக்கொண்டிருக்கிறேன், நெஞ்சு வலிக்கிறது. என்ன செய்ய?

நெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். கையில் இருப்பதை அணைத்துவிட்டு உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது புகைபிடித்தீர்கள் என்று அவசரப் பிரிவில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.